ஆறிய ஈயம்

காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினாற்போல என்பார்கள்.
நான் தேடுவது ஆறிய ஈயம்,
காதைச் சுற்றி அடுக்க.

காது என்பது நகத்தளவு சிலிக்கன்.
சில வருடங்களில் அதன் இரட்டை வானுக்குப் போகும்.
ஏதோவொரு விண்மீன் கூட்டத்தின் மங்கிய விளிம்பிலிருந்து
மணிக்கு இரண்டோ மூன்றோ எக்ஸ் கதிர்த் துளிகள்
வந்து விழக்கூடும்.
அவை கேட்க வேண்டுமானால்
மற்றதெல்லாம் வாயை மூட வேண்டும்.

மூடாது.
உப்புவெளியில் என் ஆய்வறைச் சுவரே பேசுகிறது:
கட்டியவர் புல்மோட்டைப் பக்கத்து மணலைக் குழைத்திருக்கிறார்,
அதில் தோரியம்.
மேசையிலிருக்கும் வாழைப்பழம் பேசுகிறது. என் தசை பேசுகிறது.
புதிதாக வார்த்த ஈயம் எல்லாவற்றையும்விட மோசம்,
காவலுக்குக் கட்டிய நாயே விடியவிடியக் குரைப்பதுபோல.
இருபத்திரண்டு வருடத்துக்கு ஒருமுறை
அந்தக் குரைப்பு பாதியாகும்.
இருநூறு வருடம் கடலடியில் கிடந்ததென்றால்
ஏறக்குறைய ஊமை.

றபாய்தீன் கிண்ணியாக்காரர், சங்கு குளிப்பவர்.
"பாருக்குக் கீழ ஒரு கப்பல் கிடக்கு, பேர் தெரியாது.
அடியில சாம்பல் நிறத்தில கட்டி கட்டியா" என்றார்.
தொல்லியல் திணைக்களத்துக்கு மூன்று பிரதியில் விண்ணப்பம்.
'எடுக்கும் பொருளின் பயன்' என்ற கட்டத்தில்
முதலில் 'விண்வெளி' என்று எழுதி, வெட்டி,
'சத்தம் குறைக்க' என்று எழுதினேன்.
அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்:
"ஜெனரேட்டருக்கா?"

பதினொரு மாதம். நான்கு கட்டிகளுக்கு அனுமதி.

ஈயம் தடுக்கும்; தடுத்த கையோடு தானும் மினுங்கும்,
எழுபத்தைந்து கிலோ இலத்திரன் வோல்ற்றில்.
அதை விழுங்க உள்ளே வெள்ளீயம். அது இருபத்தைந்தில் மினுங்கும்.
அதற்குச் செம்பு. அது எட்டில்.
பிறகு அலுமினியம், ஒன்றரை.
பொய்யை மறைக்க ஒரு சின்னப் பொய்,
அதை மறைக்க அதிலும் சின்னதாய் ஒன்று.
வீட்டில் செய்தால் பிடிபடும்.
இங்கே
காதுக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்துப்போகிறது.

இதற்கும் அடங்காதவை உண்டு.
சுவாமிமலைப் பாறையையும் என் தகரக் கூரையையும்
ஒன்றாகவே எண்ணித் துளைத்துப் போகும் மியூவன்கள்.
அவற்றுக்குச் சுவர் கிடையாது, சாட்சி மட்டும்தான்:
வெளியே ஒரு பிளாஸ்டிக் ஓடு, எது கடந்தாலும் மின்னிச் சொல்லும்.
ஓடும் காதும் ஒரே கணத்தில் 'கண்டேன்' என்றால்
இரண்டையும் தள்ளிவிடும்படி சுற்றை வரைந்தேன்.
வரைந்த இரவு பேனாவை மூடிவிட்டுக் கொஞ்சநேரம் இருந்தேன்.
கண்டோம் என்று இரண்டு பேர் ஒன்றாகச் சொல்வதற்காக
இருபது வருடம் காத்துக்கிடந்த கோப்புகள்
இந்த ஊர் நீதிமன்றத்தில் உண்டு.
என் சுற்றோ
ஒற்றையாய் வருபவரை மட்டும் நம்பும்.

நேற்றுப் பெட்டியை மூடினோம்.
றபாய்தீனும் வந்திருந்தார், தன் ஈயத்தைப் பார்க்க.
வானுக்குப் போவது இதுவல்ல, இது சோதனைக்கு மட்டும்,
பாரம் கூட என்றேன். முகம் கொஞ்சம் வாடியது.
திரையில் கோடு தரையோடு தரையாய்.
"இப்ப என்ன கேக்குது?"
"ஒண்டுமில்லை."
"ஒண்டுமில்லாததுக்கா ஒரு வருசம்?"
"ஓம்."
அவர் சிரிக்கவில்லை. பதினைந்து பாகத்துக்குக் கீழே
கையசைக்காமல் நின்றாலும் இப்படித்தான் என்றார்;
அங்கே இறால்கள் மட்டும்
பொரி பொரிவதுபோல, ஓயாமல்.

மூன்று பத்துக்கு ஒரு துளி.
நாலரைக்குள் ஏழு.
ஏழும் ஆறு புள்ளி நான்கில்: இரும்பு.
கருந்துளைகளின் ஓரத்தில் நாளை தேடப்போவதும்
இதே இரும்பைத்தான், இதே எண்ணில்.
இது அதுவல்ல.
செம்புத் திருகாணிகளுக்கு நடுவே எங்கோ
ஹார்ட்வெயார்க் கடைத் திருகாணி ஒன்றை
நானே அவசரத்தில் முறுக்கியிருக்கிறேன்.

பெட்டியைத் திறந்தேன்.
நாற்பத்தெட்டுத் திருகாணிகள்.
றபாய்தீன் டோர்ச் பிடித்தார்.